சென்னைக்குப் படிக்க வரும் அயலகத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் சென்னைக்குப் படிக்க வருகிறார்கள். பொறியியல், இதழியல், சித்த மருத்துவம், பரதநாட்டியம், தமிழாய்வு என்று படிப்புகள் வேறு வேறு. மற்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு உண்டு. வந்து இறங்கிய அன்றே ஆட்டோக்காரரிடம் பேரம் பேசலாம், கடைப் பலகையைப் படிக்கலாம், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கறிவேப்பிலை கேட்கலாம்.

அந்த வசதிதான் பலரை அசட்டையாக இருக்க வைக்கிறது. பேச்சு ஒன்று, சாப்பாடு ஏறக்குறைய ஒன்று, கோயில் ஒன்று. ஆகவே நாம் வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதே மனத்தில் பதிவதில்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர்தான். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து முதுகலை படிக்க வந்து இங்கேயே தங்கியவள். ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக வரும் பிள்ளைகளோடு அலைந்து திரிந்ததில் தெரிந்துகொண்டது இதுதான்: முதல் இரண்டு வாரத்தில் ஆவண வேலையை முடித்தவர்கள் மூன்றாம் வாரம் முதல் நிம்மதியாகப் படிக்கிறார்கள். தள்ளிப்போட்டவர்கள் ஆறு மாதம் ஓடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் முதலில் ஆவணங்கள், பிறகு வீடு, அதன் பிறகே ஊர்.

புறப்படுவதற்கு முன்

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கல்லூரி விண்ணப்பத்திலும், விசாவிலும், வங்கியிலும், சிம் கார்டிலும் இருக்க வேண்டும். இலங்கைப் பிள்ளைகளுக்குத் தந்தை பெயர் முன்னால் வரும், சில சான்றிதழ்களில் அது வெறும் தலைப்பெழுத்தாக இருக்கும். மலேசியப் பிள்ளைகளுக்குப் பெயர் நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சாய்கோட்டோடு வரும். இந்திய இணையப் படிவங்கள் பல அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. அதை விட்டுவிட்டு எழுதுவதா, இடைவெளி விடுவதா என்று முதல் படிவத்திலேயே முடிவு செய்து, கடைசிப் படிவம் வரைக்கும் அதையே பின்பற்றுங்கள். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று உறுதிப்படுத்தும் சத்தியக் கடதாசியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து அதைத் தேடுவது பெரும் அலைச்சல்.

இலங்கையின் உயர்தரம், மலேசியாவின் எஸ்.டி.பி.எம். போன்ற உங்கள் ஊர்த் தேர்வுகளுக்கு இங்கே இணைத்தன்மைச் சான்று, அதாவது இந்தியப் பள்ளித் தேர்வுக்குச் சமம் என்ற சான்று, கேட்பார்கள். எந்த அமைப்பிடம் வாங்கிய சான்று வேண்டும் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கைப்பையில் கொண்டு வாருங்கள், பெட்டியில் போடாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் கணிசமாக இருக்கட்டும். எல்லா ஆவணங்களையும் ஸ்கேன் செய்து கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் புழங்குவது தட்டையான மூன்று முனைப் பிளக். இங்கே உருண்டை முனை. மாற்றுப் பிளக் ஒன்றிரண்டு போதும், மீதியை இங்கே வாங்கலாம். தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு கொண்டு வாருங்கள். அந்நியப் பணமாக 5,000 டாலருக்கு மேல் நோட்டாகக் கொண்டுவந்தால் விமான நிலையச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

இறங்கிய நாள்

சென்னை விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ரயில் உண்டு. அதிகாலை 5 மணிவாக்கில் தொடங்கி இரவு 11 வரை ஓடுகிறது. நீல வழித்தடத்தில் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக நேரே சென்ட்ரல் போகலாம். வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் பக்கம் போக வேண்டியவர்கள் ஆலந்தூரில் மாற வேண்டும். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. தாம்பரம் போகிறவர்களுக்கு அது கிட்டே. ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளோடு புறநகர் ரயில் ஏற நான் சொல்லமாட்டேன். நள்ளிரவில் இறங்கினால் விமான நிலையத்துக்குள்ளேயே முன்பணம் கட்டி டாக்ஸி எடுங்கள்.

முதல் இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பது முக்கியம். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைப்பவர், 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' என்று பரவலாகச் சொல்லப்படும் ஒன்றை இணையம் வழியாக அரசுக்கு அனுப்ப வேண்டும். ஓட்டல்கள் இதை வழக்கமாகச் செய்துவிடும். பலருக்குத் தெரியாதது, இது வீடுகளுக்கும் பொருந்தும் என்பது. சித்தி வீட்டிலோ அப்பாவின் நண்பர் வீட்டிலோ தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் இதைச் செய்ய வேண்டும். "சொந்தக்காரப் பிள்ளைதானே" என்று விட்டுவிட்டால் பிறகு பதிவு செய்யும்போது எங்கே தங்கியிருந்தீர்கள் என்பதற்குச் சான்று இருக்காது. வருவதற்கு முன்பே அவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். இணையத்தில் கணக்கு ஒன்று தொடங்கிச் செய்கிற வேலைதான். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும்.

முதல் 14 நாட்கள்

180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர்கள், இந்தியாவுக்குள் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் அதை எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்றே சொல்வார்கள். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. இப்போது வேலை பெரும்பாலும் இணையத்தில்தான் நடக்கிறது. கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதல் வேலைநாளிலேயே கல்லூரிக்குப் போய், வெளிநாட்டு மாணவர் பிரிவில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, நீங்கள் அங்கே படிக்கும் மாணவர்தான் என்று உறுதி கூறும் 'போனஃபைடு' சான்றிதழ். இன்னொன்று, கல்லூரி உங்களைப் பற்றி அரசுக்கு அனுப்ப வேண்டிய, 'எஸ் படிவம்' என்று பரவலாகச் சொல்லப்படும் படிவம். எஸ் படிவத்தைக் கல்லூரிதான் அனுப்ப வேண்டும், உங்களால் முடியாது. பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய கல்லூரியில் நீங்கள்தான் அந்த ஆண்டின் ஒரே வெளிநாட்டு மாணவராக இருக்கக்கூடும். அங்கே அலுவலர் வேறு பத்து வேலைக்கு நடுவில் இதைப் பார்ப்பார். பணிவாக, ஆனால் தினமும் போய் நில்லுங்கள். நேரில் போய் நிற்பவரின் கோப்பு நகரும்.

அடுத்தது முகவரிச் சான்று. விடுதியில் இருந்தால் விடுதிக் கடிதம், வாடகை வீடு என்றால் ஒப்பந்தம், கூடவே சி படிவத்தின் நகல்.

மூன்றாவதாக, இணையத்தில் கணக்குத் தொடங்கிக் கடவுச்சீட்டின் முகப்பு, விசா, குடிவரவு முத்திரை இட்ட பக்கம், போனஃபைடு, முகவரிச் சான்று, புகைப்படம் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். மங்கலான ஸ்கேன் திரும்பி வரும். குடிவரவு முத்திரை சரியாகப் படாமல் தேதி தெரியாமல் இருந்தால் விமான நிலைய மேசையிலேயே சொல்லித் திரும்பப் போடச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டால் அதில்தான் கேட்பார்கள்.

பதிவு முடிந்தால் தங்குவதற்கான அனுமதிச் சான்று மின்னஞ்சலில் வரும். அச்செடுத்து இரண்டு பிரதி வையுங்கள். வங்கி முதற்கொண்டு பல இடங்களில் அதைக் கேட்பார்கள். வீடு மாறினால் அதையும் இதே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களில் சிலரிடம், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கும். அவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. மாலையில் கடையில் நிற்பது, பகுதிநேர மென்பொருள் வேலை எதற்கும் அனுமதி இல்லை. கல்லூரி மாறுவதற்கும் முன் அனுமதி வேண்டும். செலவுக்கணக்கை இதை மனத்தில் வைத்தே போடுங்கள். சில மாதங்களில் ஏதாவது சம்பாதித்துக்கொள்ளலாம் என்று நம்பி யாரும் வர வேண்டாம்.

சிம், வங்கி, பணம்

சிம் கார்டுக்குக் கடவுச்சீட்டு, விசா, புகைப்படம், கல்லூரிக் கடிதம் கொண்டு போங்கள். தெருமுனைக் கடையில் வெளிநாட்டவருக்குத் தருவது பெரும்பாலும் நடக்காது. நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே போய்விடுங்கள். உள்ளூர் எண் ஒன்று கேட்பார்கள், நண்பர் யாரையாவது உடன் அழைத்துப் போனால் அன்றே வேலை முடியும்.

வங்கியில் வெளிநாட்டு மாணவருக்குத் திறப்பது என்.ஆர்.ஓ. என்ற வகைக் கணக்கு. கடவுச்சீட்டு, விசா, புகைப்படம், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றை வைத்தே கணக்குத் திறக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. உள்ளூர் முகவரியை 30 நாட்களுக்குள் கொடுத்தால் போதும். அது சரிபார்க்கப்படும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது, 50,000 ரூபாய் வரம்பும் உண்டு. ஆகவே முதல் மாதக் கல்லூரிக் கட்டணத்தை இந்தக் கணக்கை நம்பி வைக்காதீர்கள். ஊரிலிருந்தே கல்லூரிக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். கணக்குத் திறப்பது வங்கியின் விருப்பத்தையும் பொறுத்தது, கிளைக்குக் கிளை மாறும். கல்லூரி வளாகத்தில் அல்லது வாசலில் இருக்கும் கிளைக்குப் போனால், வெளிநாட்டு மாணவர் கோப்பு அவர்களுக்குப் பழக்கமாக இருக்கும்.

உள்ளூர் எண்ணும் கணக்கும் வந்ததும், கைப்பேசியிலேயே பணம் செலுத்த உதவும் யு.பி.ஐ.யை இணைத்துவிடுங்கள். இளநீர்க்காரர் வரைக்கும் கியூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார். இருந்தாலும் பஸ்ஸுக்கும் கோயில் வாசலுக்கும் சில்லறை வைத்திருப்பது நல்லது. 12 மாதத்தில் 182 நாட்கள் இங்கே தங்கிய பிறகு நீங்களும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அவசரமில்லை, ஆனால் இருந்தால் பல வரிசைகள் குறையும்.

வீடு

முதல் பருவத்துக்குக் கல்லூரி விடுதியே கிடைத்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவண வேலைகள் பாதியாகும், நண்பர்களும் கிடைப்பார்கள். விடுதி கிடைக்காதவர்களுக்கு மூன்று வழி: தனியார் விடுதி, ஒரு வீட்டில் அறை, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடு.

தனியார் பெண்கள் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் உரிமம் பெற்றே நடத்த வேண்டும். கேட்பதற்குத் தயங்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர் தாமாகவே எடுத்துக் காட்டுவார். ஆண் மாணவர்களில் மெரினா ஓரத்துக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள், அதாவது அறை அறையாக வாடகைக்கு விடும் கட்டடங்கள், பழைய புகலிடம். அறை சிறியது, ஆனால் சேப்பாக்கம் நடந்து போகிற தூரம், எந்த நேரத்திலும் சாப்பாடு கிடைக்கும்.

எந்தப் பகுதி என்று என்னைக் கேட்டால், வாடகையைப் பார்க்காதீர்கள், கல்லூரிக்குப் போகும் ரயிலைப் பாருங்கள் என்பேன். கடற்கரை – தாம்பரம் புறநகர் ரயில் தடத்தில் தாம்பரம், சித்த மருத்துவ நிறுவனம் இருக்கும் தாம்பரம் சானடோரியம், கிண்டி, நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் வருகின்றன. பெரும்பாலும் மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில் தடத்தில் சேப்பாக்கம், மயிலாப்பூர், கோட்டூர்புரம், திருவான்மியூர், தரமணி, வேளச்சேரி. இந்த இரண்டு தடத்தின் ஓரத்தில் வீடு கிடைத்தால் சாலை நெரிசலில் உங்கள் காலைப்பொழுது போகாது.

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீரைப் பாருங்கள். சுவருக்கு அடித்த புது வண்ணத்தை அல்ல. குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாவில் வையுங்கள், உப்புக் கரிக்கிறதா என்று தெரியும். அங்கே கிடக்கும் வாளியின் விளிம்பில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு இருந்தால் அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தலைமுடியும் தோலும் முதல் மாதத்திலேயே சொல்லிவிடும். மெட்ரோ தண்ணீர் என்று இங்கே சொல்லும் குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறதா, கோடையில் லாரி வாங்க வேண்டுமா, அந்தச் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். குடிக்கப் பெரும்பாலும் 20 லிட்டர் கேன்தான் வாங்குவார்கள். மாடியில் கேன் கொண்டுவந்து வைப்பாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

பிறகு தரைத்தளம் என்றால் சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு கோடு போல நிறம் மாறியிருந்தால், அல்லது அந்த உயரம் வரை மட்டும் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தால், அந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களை என்ன பாடு படுத்தின என்று ஊரே அறியும். வீட்டுக்காரர் சொல்லாததை எதிர்த்த பெட்டிக்கடைக்காரர் சொல்வார். அவரிடம் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் தாம் வைத்த விலையில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார். ஒப்பந்தத்திலேயே அந்த விலையை எழுதச் சொல்லுங்கள்.

முன்பணத்தை இங்கே அட்வான்ஸ் என்பார்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். குடிபோகும் அன்று சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "வண்ணம் அடிக்க" என்று எவ்வளவு கழிப்பார் என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது.

"குடும்பத்துக்கு மட்டும்", "சைவம் மட்டும்" என்ற பலகைகளைப் பார்ப்பீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டு என்றதும் "போலீஸ், பேப்பர் வேலை எல்லாம் நமக்கு வேண்டாம்" என்று சொல்லும் வீட்டுக்காரரும் உண்டு. எனக்கும் இது நடந்திருக்கிறது, மனம் நோகத்தான் செய்யும். அவர்களில் பலருக்கு இருப்பது வெறுப்பு அல்ல, பயம். போனஃபைடு, விசா, பதிவுச் சான்று மூன்றையும் ஒரு கோப்பில் வைத்து, சி படிவத்தை நானே உங்கள் பக்கத்தில் இருந்து நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தவர்கள் பலர் இறங்கி வருவதைக் கண்டிருக்கிறேன். அப்படியும் முடியாது என்றால் வாதாட வேண்டாம், அடுத்த தெருவில் வீடு இருக்கிறது.

பஸ்ஸும் ரயிலும்

மாநகரப் பஸ்ஸில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு, வலப்பக்கம் ஆண்களுக்கு. நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையை விட்டு எழுந்து வரமாட்டார். கூட்டத்தில் நிற்கும்போது யாரோ தோளைத் தொட்டு ஒரு நோட்டை நீட்டி, "ஒரு சைதாப்பேட்டை" என்பார். வாங்கி அடுத்தவரிடம் கொடுத்து, நீங்களும் "ஒரு சைதாப்பேட்டை" என்று சொல்லுங்கள். கை மாறிக் கை மாறி நடத்துநரிடம் போகும். கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் வழியாகப் போய்வந்த காசு குறைந்து நான் பார்த்ததில்லை. இந்த ஊர்மேல் எனக்கு முதலில் பிடிப்பு வந்தது அங்கேதான்.

சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். தினமும் இரண்டு மூன்று பஸ் மாறும் ஆண் மாணவர்களுக்கு, குளிர்சாதனம் இல்லாத பஸ்களில் மாதம் முழுதும் விருப்பம்போல் பயணம் செய்யும் 1,000 ரூபாய்ப் பாஸ் கட்டுபடியாகும். 2025-இல் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம்.

புறநகர் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான். மாணவர் சலுகையோடு சீசன் டிக்கெட் எடுக்கக் கல்லூரியில் படிவம் கிடைக்கும். காலை 8 முதல் 10 வரை கூட்டம் தாங்காது. படிக்கட்டில் தொங்கிப் பயணம் செய்யாதீர்கள், அடுத்த வண்டி பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஆட்டோவுக்குச் செயலி வழியே போனால் பேரம் மிச்சம். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் போகும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய நினைவில் உறவினர்கள் கோயம்பேடு என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

சாப்பாடு, வெயில், மழை, உடம்பு

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மாதக் கடைசியில் கை இறுகினால் மாநகராட்சி நடத்தும் மலிவு விலை அம்மா உணவகத்துக்குப் போங்கள். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே வரிசையில் நிற்க எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆவின் பாலில் நீலப் பாக்கெட் கொழுப்புக் குறைந்தது, பச்சை நடுத்தரம், ஆரஞ்சு முழுக் கொழுப்பு. அம்மாவின் மீன்குழம்புக்கு ஏங்கும் இலங்கைப் பிள்ளைகள் மிளகாய்த்தூளை ஊரிலிருந்தே கொண்டுவருவதுதான் ஒரே வழி.

மே மாதக் கத்திரி வெயிலில் நண்பகலில் வெளியே அலைய வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு அது பழகிய மழைதான், ஆனால் இங்கே தெருவில் தேங்கும் தண்ணீர் வேறு. மூடியில்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று தெரியாத தெருவில் வெள்ளத்தில் நடக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு கேன் தண்ணீர், மெழுகுவத்தி, ரொட்டி வாங்கி வைத்து, கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். கடவுச்சீட்டும் சான்றிதழ்களும் பிளாஸ்டிக் உறையில் உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108, காவல் உள்ளிட்ட எல்லா உதவிக்கும் 112, பெண்கள் உதவிக்கு 181. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

மனம் சோர்ந்தாலும் உதவி உண்டு. மொழி தெரிந்த ஊரில் தனிமை வராது என்று வீட்டில் நினைப்பார்கள். வரும். சுற்றிலும் தமிழ் கேட்கும், ஆனால் உங்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்ற உணர்வு முதல் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பலமாகத் தாக்கும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ராகிங் என்ற பெயரில் யாராவது துன்புறுத்தினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே அது சட்டப்படி குற்றம். 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

ஊரோடு பழகுவது

நீங்கள் வாய் திறந்ததும் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். இலங்கை என்றால் உடனே போரைப் பற்றிக் கேள்வி வரும். பெரும்பாலும் அன்பினால்தான் கேட்கிறார்கள். சொல்ல விருப்பமில்லாவிட்டால் "அதைப் பற்றிப் பேச இப்போது முடியவில்லை அண்ணா" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். உங்கள் வீட்டின் துயரத்தை ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் எடுத்து வைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

போராட்டம், ஆர்ப்பாட்டம், கட்சிக் கூட்டம் இவற்றுக்கு அழைப்பு வரும். அழைப்பவர்கள் நல்ல உள்ளத்தோடு அழைப்பார்கள். மாணவர் விசாவில் இருப்பவர் அரசியல் நிகழ்வில் கலந்துகொண்டால் அது விசா நிபந்தனையை மீறியதாகக் கொள்ளப்படலாம். 2019 டிசம்பரில் சென்னையில் படித்துக்கொண்டிருந்த ஜெர்மானிய மாணவர் ஒருவர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக நாட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டார். உங்கள் கருத்து உங்களுடையது. ஆனால் இழக்கப்போவது யார் என்பதை அழைப்பவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

நூலகங்களுக்குப் போங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. அறையில் மின்விசிறி சூட்டை வாரி இறைக்கும் மாதங்களில் பல பிள்ளைகள் அங்கேதான் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896 முதல் இருக்கிறது. தமிழாய்வு செய்பவர்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகமும் இரண்டாவது வீடு. டிசம்பரில் இசை விழாவின்போது சபாக்கள் எனப்படும் இசை மன்றங்கள் பலவற்றில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, உள்ளே போய் உட்காரலாம். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும், அந்த மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கிவையுங்கள்.

உங்கள் நாட்டுத் தூதரகத்திலும் பெயரைப் பதிந்துவையுங்கள். இலங்கைத் துணை உயர் ஆணையகம் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் சென்னையில் துணைத் தூதரகம் உண்டு. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தப் புகார் நகலோடு அங்கே போக வேண்டும்.

விடுமுறையும் விசா நீட்டிப்பும்

ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதற்கு முன் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: விசா முடியும் தேதி, கடவுச்சீட்டு முடியும் தேதி. விசாவில் எத்தனை முறை உள்ளே வரலாம் என்று குறித்திருப்பதையும் பாருங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருப்பதால் யாழ்ப்பாணப் பிள்ளைகள் கொழும்பு போய்ச் சுற்ற வேண்டியதில்லை.

படிப்புக் காலத்தைவிட விசாக் காலம் குறைவாக இருந்தால் நீட்டிக்க வேண்டும். அதே எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையக் கணக்கில், விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் புதிய போனஃபைடு, கட்டணம் கட்டிய ரசீது, வருகைப்பதிவு, மதிப்பெண் பட்டியல், தற்போதைய முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போகாதவருக்குக் கல்லூரி அந்தக் கடிதத்தைத் தரத் தயங்கும். தேர்வு விடுமுறையில் கல்லூரி அலுவலகம் பாதி ஆட்களோடு இயங்கும் என்பதால், விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கடிதங்களைக் கேட்டு வாங்கத் தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். அது காலாவதியாகியிருந்தால் முகவரிச் சான்றாக ஏற்கமாட்டார்கள், ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பித்த பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.